முதுகு காட்டும் பிள்ளைகள்

தனலெட்சுமிக்குப் பயம் வந்தால் முதலில் கை குளிரும். காலை பத்தே காலுக்கே இரண்டு கையும் சில்லிட்டுப் போயிருந்தன. ஏர்கான் மேல் பழியைப் போடலாம் என்றால், அது பழுதாகி மூன்று நாளாகிறது.

குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், பல் டாக்டர் ஒருவருக்கு மேல்மாடியில் இருந்தது ‘சிறகு’ இளையோர் மன்றம். உள்ளூர்ப் பிள்ளைகளை மூன்று மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பி, ஏழைப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுக்க வைப்பது மன்றத்தின் வேலை. தனலெட்சுமி அதன் செயலாளர். ஏழு வருடத்தில் நாற்பத்திரண்டு பேரை அனுப்பி, நாற்பத்திரண்டு பேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து பெற்றவர்களிடம் ஒப்படைத்தவள். நாற்பத்து மூன்றாவது ஆள் லோஷினி, இருபது வயது. ஏழு வாரத்துக்கு முன்பு கம்போடியாவில் ஒரு கிராமப் பள்ளிக்குப் போனவள்.

அந்த லோஷினியின் அம்மா ராஜம்மா, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏழு வாரமா மூஞ்சியக் காட்டல மேடம். போட்டோ அனுப்புறா, வாய்ஸ் அனுப்புறா. வீடியோ போட்டா மட்டும் லைன் இல்லங்குறா. எம்புள்ள உசுரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

வேலை என்று நம்பிப் போன பிள்ளைகளை முள்வேலிக் கட்டடத்தில் பூட்டி வைத்து, போனில் ஊரை ஏமாற்ற வைக்கும் கும்பல்களைப் பற்றித் தனலெட்சுமியும் பேப்பரில் படிக்கிறாள். அது யார் வீட்டிலோ நடக்கும் சங்கதி என்று இத்தனை நாள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, இன்றைக்கே இன்னும் எட்டுப் பேர் அதே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். வேன் குளுவாங்கை விட்டுப் புறப்பட்டாயிற்று. செனாய் விமான நிலையத்தில் ஒன்று ஐம்பதுக்கு விமானம்.

படியில் காலடி கேட்டது. நேற்று ராஜம்மா போனில் அழுததுமே தனலெட்சுமி கெஞ்சிக் கூப்பிட்டிருந்த இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

உலகப்பன் முப்பது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைத் துருவியவர். செத்துப்போனதாகக் காகிதம் கொடுத்த ஒருவனைச் சந்தையில் மீன் பேரம் பேசும்போது தோளில் தட்டிக் கூப்பிட்டவர் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. அவருடைய உதவியாளர், டிரைவர், வாய் ஆகிய மூன்றும் தேன்மொழி.

“இருபத்தி ரெண்டு படி,” என்றாள் தேன்மொழி மூச்சு வாங்க. “பல்லு வலிக்கிறவன் பாதியில நின்னுக்கலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. கோப்பி கெடைக்குமா லா?”

“மொதல்ல போட்டோ,” என்றார் உலகப்பன்.

தனலெட்சுமி கணினியைத் திருப்பி வைத்தாள். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக ஏழு வாரத்துப் படங்கள். ஓலைத்தட்டி அடைத்த ஒரு கொட்டகை, வெள்ளைப் பலகை, அதைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். எல்லாம் பின்னாலிருந்து எடுத்தவை.

“எல்லாப் பிள்ளையும் ஏன் முதுகக் காட்டுது?”

“நாங்க போட்ட சட்டம் சார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மூஞ்சி படத்துல தெரியக் கூடாது. நாங்க அனுப்புறவங்களுக்கு அதுக்குன்னே அரை நாள் பயிற்சி குடுக்கிறோம். பாதுகாப்பு.”

“நல்ல சட்டம்தான். யாருக்குப் பாதுகாப்புன்னுதான் பாக்கணும். முதுகுக்கு நாடு கெடையாதும்மா. எந்த ஊரு முதுகும் ஒண்ணுதான்.”

தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது. அந்தப் படங்களில் ஒன்றைத்தான் பெரிதாக்கி, எட்டுப் பேரைச் சேர்க்கும் விளம்பரத்தில் போட்டிருந்தாள்.

உலகப்பன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முகத்தால் தொட்டுவிடுவார் போலக் குனிந்தார். “தேனு, இந்தப் பையன் சட்டையப் பாரு.”

“டீஷர்ட்டு. கழுத்துல லேபில் வெளிய நிக்குது. தையலும் வெளிய. அவசரத்துல திருப்பி மாட்டிட்டான் பாஸ். நான்கூட ஒரு கல்யாணத்துக்கு அப்படியே போய், மூணு பேருக்குக் கை குடுத்துட்டு வந்தேன்.”

“ஒருத்தன்னா அவசரம். மூணாவது வாரத்துல நாலு பேரு. அஞ்சாவது வாரத்துல ஆறு பேரு. மாத்திப் போட்டவங்க எல்லாம் டீஷர்ட்டுக்காரங்க. கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒழுங்காத்தான் போட்டிருக்கான்.” அவர் நிமிர்ந்தார். “நம்ம ஊர்ல டீஷர்ட்டுக்கு முன்னாடி முக்கியமா, பின்னாடி முக்கியமா?”

தேன்மொழி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பின்னாடிதான். திருவிழான்னா ஒரு டீஷர்ட்டு, குடும்ப தினம்னா ஒண்ணு. எங்க தெரு பூப்பந்துக் குழுவுல மொத்தமே மூணு பேரு, முதுகுல பேரு மட்டும் நாலு வரி.”

“அதேதான். மூஞ்சியக் காட்டாதேன்னு சொன்னதால முதுகக் காட்டியாகணும். முதுகுல ஏதோ எழுதியிருக்கு. அதனால சட்டையத் திருப்பிப் போட வச்சிருக்காங்க.”

தேன்மொழி அந்த முதுகைப் பெரிதாக்கினாள். துணிக்கு உள்ளிருந்து மங்கலாக ஏதோ அச்சு தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பது போலப் படத்தை இடம்வலமாகப் புரட்டினாள். நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள். தமிழ்தான். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழு, சாஆ. குளுவாங்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊர்.

“அலமாக், அடக் கடவுளே,” என்றாள் தேன்மொழி மெல்ல. “கம்போடியாவுக்குள்ள நம்ம சாஆ.”

ராஜம்மா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். “சாஆவா? எங்க நாத்தனா வெள்ளையம்மா அங்கதான் இருக்கா. வீட்டுக்குப் பின்னால கொட்டாய் போட்டு டியூசன் வைக்கிறா.” சொல்லி முடித்ததும் அவர் முகம் இன்னும் வெளுத்தது. “அப்ப இந்த போட்டோவ அனுப்புனது யாரு? எம்புள்ள எங்க?”

பெண் கம்போடியாவில், படம் சாஆவில். நடுவில் யாரோ அவளுடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றால், அவள் என்ன ஆனாள்?

வேனில் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த மன்றத் தலைவர் கமலநாதனுக்குத் தனலெட்சுமி உடனே போன் போட்டாள்.

“திருப்பிப் போட்ட டீஷர்ட்டுக்காக எட்டுப் பேர் பயணத்தை நிறுத்தணுமா தனம்?” என்றார் கமலநாதன். “நானே நேர்ல போய் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டு வந்தவன். லெட்சுமணன் வாராவாரம் எழுதலையா?”

எழுதத்தான் செய்தார். லெட்சுமணன் அங்கே பள்ளி நடத்தும் மலேசியத் தமிழர். லோஷினி, அவர், தனலெட்சுமி மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிதோறும் எழுதுவார். ‘லோஷினி டீச்சர் நலம். பிள்ளைகள் அவரை விடுவதே இல்லை. இன்று மீன் குழம்பு விரும்பிச் சாப்பிட்டார்.’ அந்த மீன் குழம்பைப் படித்துவிட்டுத்தான் தனலெட்சுமி வெள்ளி இரவுகளில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

“சரி, உன் திருப்திக்கு அவருக்கே போன் போட்டுக் கேட்டுடறேன்,” என்று வைத்துவிட்டார் கமலநாதன்.

தேன்மொழியின் பழைய மைவி கார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு பாலோ வழியாகச் சாஆவுக்குப் பறந்தது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வழியை மறித்துக்கொண்டு ஊர்ந்தபோது, “அண்ணன் பொண்ணு பாக்கப் போறாரு போல,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவளும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள். தேன்மொழி பேசாமல் வருகிறாள் என்பதே தனலெட்சுமிக்குப் புதிய பயத்தைக் கொடுத்தது.

பின் இருக்கையில் ராஜம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கோபத்தில் அல்ல, பிடிக்க வேறொன்றும் இல்லாததால். அவளை நான்தான் அனுப்பினேன், அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் செய்தது நான்தான் என்று தனலெட்சுமி தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். தேறுதல் சொல்லிக்கொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு வெள்ளையம்மா வீட்டு வாசலில் கார் நின்றது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். ஓலைத்தட்டி அடைத்த கொட்டகை. பள்ளி விடுமுறை என்பதால் வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். உள்ளே ஒரு பெண்குரல் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

ராஜம்மா நின்றுவிட்டார். “எம்பொண்ணு,” என்றார், காற்றுக்குச் சொல்வது போல.

அப்புறம் ஓடினார். ஓடிப்போய் முதலில் பளாரென்று ஓர் அறை, அடுத்து இறுக்கி ஒரு கட்டு. இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. கையில் மார்க்கர் பேனாவோடு லோஷினி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பிள்ளைகள் முதல் தடவையாக முகத்தைத் திருப்பி வாய் பிளந்து பார்த்தார்கள்.

பிள்ளைகளை வெள்ளையம்மா வீட்டுக்குள் கூட்டிப் போன பிறகு கதை வெளியே வந்தது. பெரிய கதை ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும். தனியாக நின்றவளுக்குத் துணிச்சல் போய்விட்டது. அழைப்பு வந்தது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தாள். விமானம் போன பிறகு பஸ் பிடித்து அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” என்றாள் தனலெட்சுமி.

“எப்படிக்கா சொல்றது? கோயில்ல எம்பேர்ல அர்ச்சனை பண்ணீங்க. ஆளுயர மாலை போட்டீங்க. எம்படம் போட்ட பேனரு இன்னும் மார்க்கெட் வாசல்ல தொங்குது. ஒரே நாள்ல திரும்பி வந்து அது கீழ எப்படி நடக்குறது?”

“பேனர் கட்டத்தான் நமக்குத் தெரியும். கழட்டுற பழக்கம் கெடையாது,” என்றாள் தேன்மொழி. வாய் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது.

தனலெட்சுமி சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடத்தலும் இல்லை, கும்பலும் இல்லை. பயந்துபோன ஒரு பெண்ணும் திருப்பிப் போட்ட பத்து சட்டையும்தான். கைகளில் ரத்தம் திரும்ப ஓடியது. பிள்ளைகள் தாராளமாகப் போகட்டும் என்று கமலநாதனிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள்.

திரையில் அந்த வாட்ஸ்அப் குழு திறந்திருந்தது. கடைசிச் செய்தி நான்கு நாளைக்கு முந்தியது. ‘லோஷினி டீச்சர் நலம்.’

அவளுடைய கட்டைவிரல் அப்படியே நின்றது.

“லோஷினி,” என்றாள். தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. “நீ வரலன்னு லெட்சுமணன் சார் உன்னக் கேக்கவே இல்லையா?”

“இல்லக்கா. மொத நாள் செத்துப் பொழச்சேன். ‘உங்க பொண்ணு வரல’ன்னு எழுதிடுவாருன்னு. ஆனா ‘டீச்சர் பத்திரமா வந்துட்டாங்க’ன்னு குரூப்புல போட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. என்னக் காட்டிக் குடுக்காமக் காப்பாத்துறாரு, நல்ல மனுசன்னு நெனச்சிக்கிட்டேன். அப்புறந்தான் நானும் துணிஞ்சு போட்டோ அனுப்ப ஆரம்பிச்சேன்.”

உலகப்பன் மெதுவாகச் சொன்னார்.

“நீ பயந்து பொய் சொன்ன. அந்தப் பொய் அவனுக்கு விளம்பரமாப் போச்சு. ஒருத்திய விட்டா எட்டுப் பேரு வராங்கன்னு கணக்குப் போட்டுட்டான்.” அவர் தனலெட்சுமியைப் பார்த்தார். “வராத பொண்ணு வந்துட்டான்னு எழுதுறவன், வந்த பிள்ளைங்க வரவே இல்லைன்னும் எழுதுவாம்மா.”

மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. தனலெட்சுமி போனை ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று தடவை மணி அடித்த பிறகு கமலநாதன் எடுத்தார். பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

“தலைவரே, உண்மையச் சொல்லுங்க. அந்தப் பள்ளிக்கூடத்த நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“என்ன கேள்வி இது?”

“பாத்தீங்களா?”

“டவுன் வரைக்கும் போனேன் தனம். மழை. கிராமத்துக்குப் பாதை இல்லன்னாங்க. லெட்சுமணன் ஓட்டலுக்கே வந்து போட்டோவக் குடுத்தாரு. பிள்ளைங்க, வகுப்பு, எல்லாம் இருந்துச்சு.”

“மூஞ்சி தெரிஞ்சிச்சா?”

“இல்ல. முதுகுதான். நம்ம சட்டப்படி,” என்றார் கமலநாதன். தங்கள் சட்டத்தைத் தங்கள் தலைவரே மெச்சிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது தனலெட்சுமிக்குப் புரிந்தது.

“பிள்ளைங்கள நிறுத்துங்க. இப்பவே. லோஷினி அங்க போகவே இல்ல. சாஆவுல எம்முன்னால உக்காந்திருக்கா.”

“நீ என்ன ஒளறுற?” அவர் குரலில் எரிச்சல்தான் இருந்தது. “லெட்சுமணன்கிட்ட நீ சொன்னதச் சொன்னேன். அஞ்சே நிமிசத்துல லோஷினியையே பேச வச்சாரு. இப்ப நம்ம பையன் லோகேஸ்வரன் போனுக்குக் கூப்பிட்டுப் பேசிக்கிட்டு இருக்கா. அங்க ஏர்போர்ட்ல பூவோட நிக்கிறாளாம். பிள்ளைங்க எல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டே உள்ள போறாங்க.” போனை வைத்துவிட்டார்.

லோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜம்மா மகளின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். குரல் அதற்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

“ஏழு வாரம் வாய்ஸ் அனுப்பியிருக்கியே, அவனும் அந்தக் குரூப்புலதான இருந்தான்?” என்றார் உலகப்பன். “இப்ப கம்ப்யூட்டர்ல குரலையும் நகலெடுக்குறாங்க. அதுக்கு அவனுக்கு நீயே வேணும்னு இல்ல.”

தேன்மொழி கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செனாய்க்கு ஓட்ட முடியாத வேகத்தை மனசுக்குள் கணக்குப் போட்டபடி நின்றாள்.

எட்டுப் பேரில் மூத்தவன் லோகேஸ்வரன், இருபத்து நான்கு வயது. தனலெட்சுமி அவனுக்கு அடித்தாள். பேசிக்கொண்டிருக்கிறான் என்று வந்தது. தான் குரலில் சொன்னால் நம்புவார்களா என்ற சந்தேகமும் வந்தது. அந்தப் பக்கம் ஒரு லோஷினி கொஞ்சிக் கூப்பிடும்போது, இந்தப் பக்கம் ஒரு செயலாளர் கத்தினால் யார் கேட்பார்கள்? குரலுக்கு இனி மதிப்பில்லை. முகம் வேண்டும்.

“லோஷினி, எட்டுப் பேரும் இருக்கிற குரூப்புல நான் வீடியோ கால் போடுறேன். நீ வரணும்.”

பெண் பின்வாங்கினாள். “எட்டுப் பேர் வீட்டுக்கும் தெரிஞ்சிரும்க்கா. பேப்பர்ல வரும். நான் ஏமாத்துக்காரின்னு...”

“வரும்,” என்றாள் தனலெட்சுமி. அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. “எம்பேரும் வரும். நம்ம ரெண்டு பேரையும் ஊரே காறித் துப்பும். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

லோஷினி அம்மாவைப் பார்த்தாள். ராஜம்மா அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். லோஷினி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். கேமராவைத் தன் பக்கம் திருப்பி, அழுது வீங்கிய முகத்தை நிமிர்த்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். சாருமதி, குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள். அவள் தோளுக்குப் பின்னால் பாதுகாப்புச் சோதனை வரிசை தெரிந்தது. பாதிப் பிள்ளைகள் பைகளைத் தட்டில் வைத்துவிட்டிருந்தார்கள்.

“யாரும் உள்ள போகாதீங்க,” என்றாள் லோஷினி. “நான் லோஷினி. நான் போகவே இல்ல. எங்க அத்த வீட்டுல ஒளிஞ்சிக்கிட்டு இருந்தேன். நான் அனுப்புனது அத்தனையும் பொய்.”

சாருமதிக்கு முகம் மாறியது. திரும்பி ஏதோ கத்தினாள். ஒவ்வொரு முகமாகத் திரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. தனலெட்சுமி எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதாக லோகேஸ்வரன் வந்தான். திரையில் அழுதுகொண்டிருந்த லோஷினியை வெறித்துப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த தன் போனை எடுத்து, மெதுவாகக் கேமராவுக்கு முன்னால் நீட்டினான்.

“லோகேஸ், உள்ள போயிட்டீங்களா?” என்று அதற்குள்ளிருந்து லோஷினியின் குரல் சிரித்தபடி கேட்டது. “எல்லாரும் எங்க? நான் காத்துக்கிட்டு இருக்கேன்.”